பொறுமை வேறு, காலங்கடத்தல் வேறு

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். பட்டுக்கும் கோயில்களுக்கும் பேர்போன காஞ்சிபுரத்து வட்டாரத்தைச் சேர்ந்த அவ்வூரின் வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில், பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. 15 படுக்கைகள் கொண்ட 'வீரசோழன்' என்னும் ஆதுலர் சாலையைப் பற்றி அது பேசுகிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளரைக் கவனிக்கும் பெண்கள், நாவிதர் என ஒவ்வொருவர்க்கும் உரிய ஊதியக் கணக்கும், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. வரலாறு படிப்போர் அம்மருந்துப் பட்டியலைக் கண்டு வியப்பர். நம் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. அங்கே படுத்து மருத்துவம் பெறும் உரிமை, அவ்விடத்தில் பயின்ற மாணவர்களுக்கும் கோயிற் பணியாளர்களுக்கும் உரியதாக இருந்தது. வேலை செய்கிறவன் நோயில் விழுந்தால் அவனை என்ன செய்வது என்ற கேள்விக்கு, ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே ஒரு விடை கல்லில் எழுதி வைக்கப்பட்டது.

இன்று அதே ஆற்றங்கரை ஊர்களிலிருந்து இளைஞர்கள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனிப் பேருந்துகளில் ஏறிச் செல்கின்றனர். சற்று மேற்கே போனால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எனத் தோல் பதனிடும் ஊர்கள். அங்கே நம் சமுதாயத்து ஆண்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் உழைக்கின்றனர். இயந்திரத்தில் விரல் போனவர்கள், சர்க்கரை நோயால் கண் மங்கியவர்கள், சாலை விபத்தில் கால் இழந்தவர்கள், செவி கேளாமற் போனவர்கள் எல்லா மஹல்லாக்களிலும் இருக்கிறார்கள். அவர்களுள் பலர், உடலிற் குறை வந்த காரணத்தாலேயே வேலையையும் இழந்தவர்கள். அவ்விழப்பை எதிர்த்து முறையிடும் உரிமை அவர்களுக்கு இருந்தது. பலருக்கு இன்று அது இல்லை. அநியாயம் நடக்கவில்லை என்று எவரும் தீர்ப்பளித்ததால் அன்று. உரிய காலத்தில் உரிய இடத்தில் மனு போய்ச் சேராததால்.

காலதாமதம் ஒரே நாளில் நேர்வதில்லை. அது எப்படி நேர்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். விபத்து நடக்கிறது. முதல் மூன்று நான்கு மாதங்கள் மருத்துவமனையிலும் கட்டுப்போடும் இடத்திலும் கழிகின்றன. மேற்பார்வையாளர் ஒருநாள் வீட்டுக்கு வருகிறார். "உடம்பைப் பார்த்துக்கொள், வேலை எங்கே போய்விடப் போகிறது" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். அந்தச் சொல்லை மனதாரவே சொல்லியிருக்கலாம். ஆனால் அது காகிதத்தில் இல்லை. குடும்பம் அந்த ஒரு சொல்லை நம்பி ஆறு மாதம் காத்திருக்கிறது. பிறகு அலுவலகத்திலிருந்து அழைப்பு வருகிறது. ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளொன்றில் கையொப்பம் கேட்கிறார்கள். 'செட்டில்மென்ட்' என்கிறார்கள். கையில் கொஞ்சம் பணம் கிடைக்கிறது. அப்போது வீட்டில் மருந்துக் கடனும் வாடகைப் பாக்கியும் நிற்கின்றன. கையொப்பம் விழுகிறது. அது தாமாக விரும்பி வேலையை விடுவதாக எழுதப்பட்ட கடிதம் என்பது, மகன் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்து வாசித்துச் சொல்லும்போதுதான் தெரிகிறது.

அதற்குப் பின்னும் எவரும் நேரே நீதிமன்றத்துக்குப் போவதில்லை. முத்தவல்லி நிர்வாகியிடம் பேசுகிறார்; நிர்வாகி "பார்க்கலாம் பாய்" என்கிறார். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் ஒரு மனு. 'முதல்வரின் முகவரி'க்கு ஒரு மனு. எண் போட்ட ரசீது வருகிறது. ரசீது வந்ததால் வழக்கு தொடங்கிவிட்டது என்று வீட்டார் நினைக்கிறார்கள். இடையில் தங்கையின் நிக்காஹ். அதற்கு முன் 'ஊனம்' என்று சான்றிதழ் வாங்கினால் சம்பந்தம் பேசுகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம். வீட்டுக்கு வந்து போகிறவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்: "ஸப்ர் செய்யுங்கள்."

இந்தச் சொல்லைப் பற்றித்தான் நாம் பேச விரும்புகிறோம். அதற்கு முன் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. பணியில் இருக்கும்போது உடற்குறை ஏற்பட்ட ஒருவரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று அதன் 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்களுக்குக் கட்டளையிடுகிறது. பழைய வேலையைச் செய்ய இயலாதெனில் அதே ஊதிய விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும். அப்படி ஓர் இடம் காலியாக இல்லையெனில், இடம் கிடைக்கும் வரையிலோ ஓய்வுபெறும் வயது வரையிலோ அவருக்கென்றே கூடுதலாக ஒரு பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவும் இதையே சொல்லிற்று. 'அரசு நிறுவனம்' என்பதில் போக்குவரத்துக் கழகம், மின்வாரியம், நகராட்சி முதலியவற்றோடு அரசு உதவி பெறும் அமைப்புகளும் அடங்கும் என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு மீண்டும் வருவோம். தனியார் நிறுவனங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இத்தனை வலுவாக இல்லை என்பதே உண்மை. எனினும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிடும் கடமை அவற்றுக்கும் உண்டு. உரிமை மறுக்கப்பட்டதாக மாநில ஆணையரிடம் முறையிடும் வழியும் உண்டு.

இச்சட்டத்தால் பயன்பெற்றோரில் நம் வாசகர்கள் அறிய வேண்டிய ஒரு வழக்கு உள்ளது. முகமது இப்ராஹிம் என்பவர் தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்தில் உதவிப் பொறியாளர் வேலைக்குத் தேர்வானார். மருத்துவப் பரிசோதனையில் நிறப்பார்வைக் குறைபாடு இருப்பதாகக் கூறி அவருக்கு வேலை மறுக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி அவர் பக்கம் நின்றார். இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அவருக்கு வேலை தரும்படி ஆணையிட்டது. நிறப்பார்வைக் குறைபாடு சட்டத்தின் ஊனப் பட்டியலில் இல்லை. இருந்தும், ஒருவரின் குறைக்கு ஏற்ப வேலையில் நியாயமான மாற்றம் செய்து கொடுக்க முடியுமா என்று பார்க்காமலேயே கதவைச் சாத்துவது கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அவர் வென்றதற்குச் சட்டம் எவ்வளவு காரணமோ, மறுப்பு வந்தவுடன் வழக்குப் போட்டுக் கடைசி வரை விடாமல் நின்றதும் அவ்வளவு காரணம்.

கையொப்பம் போட்டுக் கொடுத்துவிட்டோமே என்று சோர்ந்திருப்பவர்களுக்குப் பகவான் தாஸ் வழக்கைச் சொல்ல வேண்டும். பஞ்சாப் மின்வாரியத்தில் கம்பியாளர் உதவியாளராக இருந்த அவர், 1994 ஜனவரியில் இரு கண் பார்வையையும் இழந்தார். தமக்கு ஓய்வு கொடுத்துத் தம் மனைவிக்கு வேலை தரும்படி அவரே கடிதம் எழுதினார். 1997 மார்ச்சில் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். பின்னர் உரிமை கேட்டபோது, நீரே கேட்டுத்தானே போனீர் என்றது வாரியம். உயர்நீதிமன்றமும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. 2008 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அந்தக் கடிதத்தை ஒதுக்கித் தள்ளியது. தமக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது என்பதே தெரியாத, பார்வையிழந்த ஒரு கடைநிலை ஊழியர் எழுதிய கடிதத்தை வைத்து அவரை வெளியேற்ற முடியாது. உரிமையை அவருக்கு எடுத்துச் சொல்வதே அதிகாரிகளின் கடமையாக இருந்தது என்பது அதன் நிலைப்பாடு. அவர் ஓய்வு வயது வரை பணியில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஆகவே கையொப்பம் விழுந்துவிட்டது என்பதற்காகக் கோப்பை மூடிப் பரண்மேல் போட வேண்டியதில்லை.

ஆனால் காலம் கடந்துவிட்டால்?

இந்தியாவில் வேலை பறிபோன ஒருவர் எந்தக் கதவைத் தட்டுகிறார் என்பதைப் பொறுத்துக் கெடுவும் மாறுகிறது. இதுதான் சாதாரண மனிதரைக் குழப்புகிறது. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் விபத்து நடந்த நாளிலிருந்து 2 ஆண்டு கொடுத்தது. 1948ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்தின்கீழ் அதற்குரிய நீதிமன்றத்துக்குப் போக 3 ஆண்டு. வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு நேரே செல்வதற்குத் தொழிற்தகராறுச் சட்டத்தில் 3 ஆண்டு இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலுறவுத் தொகுப்பு இதை 2 ஆண்டாகச் சுருக்கியிருக்கிறது. மத்திய அரசு ஊழியர் நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போவதாயின் 1 ஆண்டு. மேல்முறையீடு கொடுத்துப் பதில் வராவிட்டால் 6 மாதம் பொறுத்து அதிலிருந்து 1 ஆண்டு. உயர்நீதிமன்றத்தில் ரிட் மனுவுக்கு இத்தனை நாள் என்று எழுதப்பட்ட கெடு இல்லை. ஆயினும் தாமதத்துக்கு விளக்கம் இல்லையெனில் அங்கும் மனு நிற்பதில்லை. வளைகுடாவில் இருப்போருக்குச் சவூதியில் வேலை ஒப்பந்தம் முடிந்ததிலிருந்து 12 மாதம். அமீரகத்தில் 2024இல் செய்த திருத்தத்துக்குப் பின் 2 ஆண்டு. ஊருக்குத் திரும்பி வந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு பார்க்கலாம் என்று எண்ணுகிறவர்களுக்கு, சவூதிக் கெடு பெரும்பாலும் இங்கே சிகிச்சையிலேயே தீர்ந்துபோகிறது.

தாமதித்து வந்தவர்களை நீதிமன்றம் எப்படி நடத்துகிறது என்பதற்கு இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் 2008இல் முடிந்தவை.

தர்செம் சிங் இராணுவ வீரர். உடல்நிலை காரணமாக 1983 நவம்பரில் படையிலிருந்து அனுப்பப்பட்டார். ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்டு அவர் உயர்நீதிமன்றத்துக்குப் போனது 1999இல். ஏறத்தாழ 16 ஆண்டு இடைவெளி. வழக்குக்கு முந்தைய 38 மாதங்களுக்கான பாக்கியோடு ஓய்வூதியம் தர வேண்டும் என்றார் தனி நீதிபதி. 16 ஆண்டுக்கும் தர வேண்டும் என்றது இரு நீதிபதிகள் அமர்வு. உச்சநீதிமன்றம் நடுவே ஒரு கோடு கிழித்தது. ஓய்வூதியம் மாதந்தோறும் மறுக்கப்படுவது. ஒவ்வொரு மாதமும் ஒரு புதிய காயம். எனவே தாமதத்தைக் காட்டி உரிமையையே மறுக்க முடியாது. அதே வேளையில் பழைய பாக்கி, வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய 3 ஆண்டுக்கு மட்டுமே. கணக்கைச் சற்று எண்ணிப் பாருங்கள். உரிமை அவருக்கு இருந்தது என்று நாட்டின் உச்சநீதிமன்றமே ஒப்புக்கொண்டது. இருந்தும் சுமார் 13 ஆண்டு ஓய்வூதியம் திரும்பி வரவில்லை. குழந்தைகள் படித்த ஆண்டுகள், மருந்து வாங்கிய ஆண்டுகள் அவை.

மற்றது நம் மாநிலத்தில் எழுந்தது. சி. ஜேக்கப் என்பவர் புவியியல், சுரங்கத் துறையில் தற்காலிகப் பணியில் இருந்து 1982இல் நிறுத்தப்பட்டவர். சுமார் 18 ஆண்டு கழித்து 2000இல் துறைக்கு மனுக் கொடுத்து, அது கவனிக்கப்படவில்லை என்று தீர்ப்பாயத்துக்குப் போனார். மனுவைப் பரிசீலிக்கச் சொல்லி ஆணை வந்தது. துறை பரிசீலித்து மறுத்தது. அந்த மறுப்பையே புதிய வழக்காக்கிக்கொண்டு மேலே போனார். உச்சநீதிமன்றம் மறுத்துவிட்டது. செத்துப்போன உரிமைக்கோரிக்கைக்கு ஒரு மனு உயிர் கொடுக்காது. அதிகாரி பதில் எழுதினார் என்பதற்காகக் கெடு மீண்டும் தொடங்காது என்றது. இது உடற்குறை பற்றிய வழக்கன்று. ஆயினும் ஆட்சியர் அலுவலகத்தில் மனுமேல் மனுவாகக் கொடுத்து, ரசீதுகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கும் நம் குடும்பங்கள் யாவும் அறிந்திருக்க வேண்டிய வழக்கு. மனு கொடுப்பதில் தவறில்லை. மனு கொடுத்த நாளிலும் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

தர்செம் சிங்குக்கும் ஜேக்கப்புக்கும் இடையே என்ன வேறுபாடு? ஒருவருக்கு மறுக்கப்பட்டது மாதாமாதம் வர வேண்டிய தொகை. மற்றவருக்கு மறுக்கப்பட்டது வேலை. அது ஒரே நாளில் முடிந்துபோன நிகழ்ச்சி. வேலைநீக்கத்தைச் சட்டம் பெரும்பாலும் அப்படித்தான் பார்க்கிறது. நீக்கத்தின் விளைவு சாகும்வரை வீட்டில் தொடர்ந்தாலும், நீக்கம் நிகழ்ந்த நாள் ஒன்றுதான். ஆகவே உடற்குறையால் வேலை போனவர் ஓய்வூதியக்காரரைவிடவும் விரைந்தாக வேண்டும். அவரால்தான் விரைய முடிவதில்லை.

இங்கே சட்டத்தின் மீது நமக்கு ஒரு குறை உண்டு. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம், சிறார்க்கும் சித்த சுவாதீனம் இல்லாதவர்க்கும் கெடுவை நிறுத்தி வைக்கிறது. அவர்கள் நிலை மாறிய பின்பே கடிகாரம் ஓடத் தொடங்கும். படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கும், பார்வை போன முதல் ஆண்டில் தன் வீட்டுக்குள் நடக்கவே கற்றுக்கொண்டிருப்பவருக்கும் அந்தச் சலுகை இல்லை. அவர் கெடு கடந்தபின் வந்து, தகுந்த காரணம் இருந்தது என்று நிரூபித்து நீதிபதியின் கருணையைக் கேட்க வேண்டும். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். 1987இல் காதிஜி வழக்கில் உச்சநீதிமன்றம் தாமதத்தை மன்னிப்பதில் தாராளம் வேண்டும் என்று சொன்னதை இன்றும் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டுகின்றனர். அந்த வழக்கில் தாமதித்து வந்தது ஓர் அரசாங்கம் என்பதை நினைக்கையில் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. இங்கிலாந்தில் வேலையிடப் பாகுபாட்டு வழக்குக்கு 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் வைத்த கெடு வெறும் 3 மாதம். ஆனால் நீதியும் நியாயமும் கருதி அதை நீட்டிக்கும் அதிகாரத்தைச் சட்டமே தீர்ப்பாயத்துக்குத் தந்திருக்கிறது. நம் சட்டமும் ஒரு படி முன்னே வரலாம். உடற்குறை காரணமாக வேலையை விட்டு அனுப்பும் ஒவ்வோர் ஆணையிலும், எங்கே, எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்று தொழிலாளியின் மொழியில் எழுதப்பட வேண்டும். எழுதாத ஆணைக்குக் கெடு ஓடக்கூடாது. இதைக் கேட்பது பெரிய சலுகையாகாது.

இனி 'ஸப்ர்' என்ற சொல்லுக்கு வருவோம். சோதனையில் நிலைகுலையாமல் நிற்பதும், அல்லாஹ்வின் தீர்ப்பை மனம் ஏற்பதும் பொறுமை. கால் போனதற்காகப் பொறுமை கொள்கிறோம். அது மனிதன் திருப்பிக் கேட்கக்கூடியதன்று. கால் போனவனின் கூலியையும் வேலையையும் இன்னொரு மனிதன் எடுத்துக்கொண்டால், அது ஹக்குல் இபாத். அடியானுக்கு அடியான் கொடுக்க வேண்டியது. முன்னதற்குரிய சொல்லைப் பின்னதற்குச் சொல்லிவிட்டு, ஆறுதல் கூறிவிட்டோம் என்று எழுந்து வருவது பாதிக்கப்பட்டவரின் இரண்டாண்டுக் கெடுவில் இன்னும் ஆறு மாதத்தைக் கழிக்கும் காரியமாகவே முடிகிறது.

நம் மரபு கெடுவைப் பற்றிச் சிந்திக்காத மரபன்று. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? தவணை குறித்த கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுத்தர் நீதியோடு எழுத வேண்டும். சொல்லி எழுதுவிக்க இயலாத பலவீனராக ஒருவர் இருந்தால் அவருடைய பொறுப்பாளர் அவருக்காகச் சொல்ல வேண்டும் என்பது வரை அதில் அடங்கியிருக்கிறது. இயலாதவர் சார்பில் மற்றொருவர் பேனா எடுப்பது மார்க்கம் காட்டிய வழியே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உஸ்மானியர் ஹனஃபி ஃபிக்ஹைச் சட்டமாகத் தொகுத்த மஜல்லாவிலும் கெடு உண்டு. பொதுவான வழக்குகள் 15 ஆண்டுக்குப் பின் விசாரிக்கப்படமாட்டா. ஆனால் அதிலேயே இரண்டு விதிகள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, காலம் கடந்ததால் ஹக் அழிவதில்லை, விசாரணைதான் தடைபடுகிறது. பொறுப்பை ஒப்புக்கொண்டவன் எத்தனை ஆண்டாயினும் கொடுக்கத்தான் வேண்டும். மற்றொன்று, தகுந்த காரணத்தோடு கழிந்த காலம் கெடுக் கணக்கில் சேராது. அக்காரணங்களில் சிறுவயதும், தொலைதேசத்தில் இருந்ததும் மட்டுமன்றி, எதிராளி அதிகாரம் படைத்த பலவானாக இருந்ததும் ஒன்று. முதலாளிக்கு அஞ்சி வாய் திறக்காமலிருந்த காலத்தை அந்தச் சட்டம் தொழிலாளியின் குற்றமாக எண்ணவில்லை. நம் நாட்டு நீதிமன்றத்தில் மஜல்லாவைக் காட்டி வழக்கு வெல்ல முடியாது. ஆனால் காலங்கடந்து வழக்குத் தோற்ற தொழிலாளிக்கு முன் நிற்கும் முஸ்லிம் முதலாளி ஒருவர், 'கெடு முடிந்துவிட்டது, இனி எனக்குக் கடன் இல்லை' என்று நிம்மதியாகத் தூங்க முடியுமா என்பதை அது சொல்லிவிடுகிறது.

வேலையைக் குறைக்கு ஏற்ப அமைத்துக் கொடுப்பது என்பது மேலைநாட்டிலிருந்து இறக்குமதியானதென்று சிலர் பேசக் கேட்கிறோம். அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பார்வையற்றவர். ரமளானில் இறுதி வைகறைக்கான பாங்கு அவர்கள் பொறுப்பு. பொழுது புலர்வதைக் காண இயலாதவருக்கு அந்த வேலையா என்று எவரும் கேட்கவில்லை. விடிந்துவிட்டது என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். அவர்கள் எழுந்து பாங்கு சொல்வார்கள். நபி (ஸல்) அவர்கள் மதீனாவை விட்டு வெளியே சென்ற வேளைகளில் நகரின் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்ததும் உண்டு. ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் செய்கிறார். மின்வாரியத்திலும் மோட்டார் தொழிற்சாலையிலும் கேட்கப்படுவது இவ்வளவுதான்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்களல்ல. விபத்தோ நோயோ நேர்ந்த வீட்டுக்கு நலம் விசாரிக்கச் செல்வோர், பழத்தோடு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொண்டு செல்லட்டும். எந்த நாளில் என்ன நடந்தது, யார் என்ன சொன்னார் என்பதை அன்றே தேதியோடு எழுதி வைக்கட்டும். மேற்பார்வையாளர் வாய்மொழியாகச் சொன்னதை, "இவ்வாறு சொன்னீர்கள், அதன்படி காத்திருக்கிறேன்" என்று அன்று மாலையே ஒரு கடிதமாக்கி விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளலாம். மருத்துவமனை வெளிநோயாளி அட்டையைத் தூக்கி எறியக்கூடாது. பின்னாளில் தாமதத்துக்கு விளக்கம் கேட்கும்போது ஒவ்வொரு தேதிக்கும் சாட்சி அதுதான். வாசித்துப் பொருள் தெரியாத எந்தத் தாளிலும் கையொப்பம் இடக்கூடாது. இட்டேயாக வேண்டிய நெருக்கடி எனில் நகல் பெறாமல் திரும்பக்கூடாது. ஊனச் சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் பெறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அது தாமதமானால் வழக்கும் தாமதமாகிறது. 40 விழுக்காட்டுக்குக் குறைவு என்று மருத்துவர் எழுதிவிட்டாலும் சோர்ந்துவிட வேண்டாம். இட ஒதுக்கீட்டுக்கு அந்த அளவு வேண்டும். வேலையிடத்தில் நியாயமான மாற்றம் கேட்பதற்கு அந்த அளவைக் கட்டாயமாக்க முடியாது என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியிருக்கிறது.

வழக்கறிஞர் கட்டணத்துக்குப் பயந்து காலம் கடத்துவோர் பலர். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அந்த அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். பைத்துல்மாலிலிருந்து வழக்குச் செலவு கொடுக்க வேண்டிய தேவைகூட இல்லை. காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ போய்வர ஆட்டோ வாடகையும், கூடவே போக ஓர் ஆளும் போதும். எழுதப்படிக்கத் தெரிந்த இளைஞர் இருவரை இதற்கென்றே ஜமாஅத் நியமிக்கலாம். முத்தவல்லியின் தொலைபேசிப் பேச்சு ஒருபுறம் நடக்கட்டும், கெடுவை எண்ணுகிறவர் ஒருவர் மறுபுறம் இருக்கட்டும்.

தறிக்காரர்களைப் பற்றியும் ஒரு சொல். வீட்டுக் குழித்தறியில் உட்கார்ந்து முதலாளி கொடுத்த பாவை நெய்கிறவருக்குக் காலோ கண்ணோ போனால், அவர் எவருடைய ஊழியர் என்பதே முதல் தகராறாகிவிடும். மேற்சொன்ன கெடுக்கள் எல்லாம் 'ஊழியர்' என்று ஒத்துக்கொள்ளப்பட்டவர்க்கானவை. பாவும் ஜரிகையும் கொடுத்து வாங்கிய கணக்குப் புத்தகம் ஒன்றே அவர் கையிலுள்ள ஆதாரம். அது முதலாளி வீட்டில் மட்டும் இருக்கக்கூடாது. ஒரு படி, கைப்பேசியில் எடுத்த படமாகவேனும், நெய்கிறவர் வீட்டில் இருக்க வேண்டும்.

கடைசியாக நம்முடைய நிறுவனங்கள். முன்னே சொன்னபடி, அரசு உதவி பெறும் பள்ளிகளும் கல்லூரிகளும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. சமுதாயம் நடத்தும் அத்தகைய கல்விக்கூடங்கள் தமிழகத்தில் நிறைய உள்ளன. ஒவ்வொன்றிலும் 23ஆம் பிரிவின்படி குறைதீர் அலுவலர் ஒருவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். முறையீடுகளுக்கென்று பதிவேடு இருக்க வேண்டும். பதிவான இரண்டு வாரத்துக்குள் விசாரணை நடக்க வேண்டும். அங்கே திருப்தி கிடைக்காதவர் மாவட்டக் குழுவை அணுகலாம். கெடு என்பது தொழிலாளிக்கு மட்டுமன்றி நிர்வாகத்துக்கும் விதிக்கப்பட்டிருக்கும் அரிதான இடங்களில் இது ஒன்று. உங்கள் ஊர்ப் பள்ளியின் நிர்வாகக் குழு அடுத்த முறை கூடும்போது, அந்த அலுவலரின் பெயர் என்ன, பதிவேடு எந்த அலமாரியில் இருக்கிறது என்று எழுந்து கேளுங்கள். பெயர் சொல்ல எவருமில்லையெனில், அந்தக் கூட்டத்திலேயே ஒருவரை நியமித்து, அவர் பெயரைத் தமிழில் எழுதி ஆசிரியர்களும் ஆயாக்களும் காவலாளியும் பார்க்கும் சுவரில் மாட்டும்படி தீர்மானம் எழுதச் சொல்லுங்கள்.